ஆந்தையின் பசி

கனடாவிலிருந்து வந்த நண்பர் ஒருவர் என் பேத்திக்கு ஒரு படப் புத்தகம் கொடுத்துவிட்டுப் போனார். 'ஆந்தையும் லெம்மிங்கும்' என்று பெயர். நூனவுட் பிரதேசத்து ரோஸ்லின் அக்குலுக்ஜுக் என்ற பெண்மணி எழுதியது. இனுயிட் மக்களே நடத்தும் பதிப்பகம் 2016-ல் வெளியிட்டது. பள்ளிக்கூடத்தில் 'எஸ்கிமோக்கள்' என்று நாம் படித்தோமே, அந்த மக்கள்தாம். அந்தப் பெயரை அவர்களில் பலர் இப்போது விரும்புவதில்லை.

கதை புதிதன்று, அவர்களுடைய பழைய கதை. கனடா நாட்டுத் திரைப்பட வாரியம் 1971-லேயே இதைப் பொம்மைப் படமாக எடுத்திருக்கிறது. லெம்மிங் என்பது சுண்டெலி ஜாதி. நீண்ட குளிர்காலம் முழுவதும் உறங்காமல், பனிக்கு அடியில் சுரங்கம் பறித்து வாழ்கிற பிராணி. அது வளைக்கு வெளியே வந்த சமயம் பார்த்துப் பனி ஆந்தை வாசலை மறித்துக்கொண்டு நிற்கிறது. இனித் தப்ப வழியில்லை. ஆனால் ஆந்தைக்குத் தற்பெருமை அதிகம். லெம்மிங் அதைக் கண்டுகொண்டு, புகழ்ந்து புகழ்ந்து பேசி, அது மயங்கிய நேரத்தில் ஓடிவிடுகிறது.

படித்து முடித்தேன். பேத்தி கைதட்டுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"தாத்தா, அந்த ஆந்தை ராத்திரிக்கு என்ன சாப்பிடும்?" என்றாள்.

எனக்குப் பதில் வரவில்லை. எளியவன் வலியவனை ஏமாற்றினால் அது சாமர்த்தியம். வலியவன் எளியவனை ஏமாற்றினால் அது வஞ்சகம். இப்படித்தானே நாம் எல்லோரும் கதை கேட்டு வளர்ந்திருக்கிறோம்? குற்றமற்ற நன்மை விளையுமானால் பொய்க்கும் இடம் உண்டு என்று வள்ளுவரே சொல்லியிருக்கிறாரே, அதைச் சொல்லி நழுவிவிடலாமா என்று பார்த்தேன். அந்தக் 'குற்றமற்ற' என்ற சொல் ஆந்தையைப்போல வாசலில் வந்து நின்றுகொண்டது. யாருக்கு நன்மை?

பனி ஆந்தை பொழுதுபோக்குக்காக வேட்டையாடுவதில்லை. ஒரு நாளைக்கு மூன்று முதல் ஐந்து லெம்மிங்குகள் அதற்கு வேண்டும். மரமில்லாத வெட்டவெளியில் தரையிலேயே கூடு. பெண் ஆந்தை முட்டையை விட்டு எழுந்திருக்காது. ஆண்தான் இரை கொண்டுவர வேண்டும். லெம்மிங் பெருகிய ஆண்டில் பத்து முட்டைகூட இடுகிற ஆந்தை, அது அருகிய ஆண்டில் முட்டையே இடாமல் இருந்துவிடுவதும் உண்டு. ஆக, லெம்மிங் தப்பித்த அதே கணத்தில் எங்கோ ஒரு கூட்டில் வாய்கள் திறந்தபடியே இருந்திருக்கும். புத்தகத்தில் அந்தப் பக்கம் இல்லை.

ஒரு விஷயம் எனக்கு வியப்பாக இருக்கிறது. இந்தக் கதையைச் சொன்னவர்களே வேட்டைக்காரர்கள். அப்பன் கடல்நாயோடு திரும்பினால்தான் அவர்கள் வீட்டில் பிள்ளைகளுக்குச் சோறு. அவர்கள் ஆந்தையின் கட்சியில் அல்லவா நின்றிருக்க வேண்டும்? வேட்டைக்காரனைப் பார்த்தே சிரிக்கிறார்கள். இரை கைக்கு வருமுன் மார் தட்டுகிறவனைத் தங்களுக்குள்ளேயே பலமுறை கண்டிருப்பார்கள் போலும்.

லெம்மிங்கின் கட்சியில் நான் நின்றதற்குக் காரணம் வேறு. இளமையில் ஒரு பத்திரிகையில் பிழை திருத்துகிறவனாக இருந்தேன். ஆட்குறைப்பு வந்தது. இருவரில் ஒருவர் போக வேண்டும். முதலாளி கவிதை எழுதுவார், மோசமான கவிதை. பாரதிக்குப் பிறகு இப்படி ஒருவரும் எழுதவில்லை என்று அவர் முகத்துக்கு நேரே சொன்னேன். வீட்டில் கைக்குழந்தை, மனைவிக்குக் காய்ச்சல். சொல்லும்போது நா கூசவில்லை. பிற்பாடு அதை நண்பர்களிடம் ஒரு வேடிக்கைக் கதையாகவே சொல்லிச் சிரித்திருக்கிறேன். நானும் ஒரு லெம்மிங்தான். ஆனால் என்னால் பட்டினி கிடந்தது முதலாளி அல்ல. அவர் இரவுச் சாப்பாட்டுக்கு என்ன குறை? மாலையில் குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "வரேன் சார்" என்று படியிறங்கிப் போனாரே, என் பக்கத்து நாற்காலிக்காரர், அவருக்கும் மூன்று குழந்தைகள். என் வேடிக்கைக் கதையில் அவர் வந்ததே இல்லை.

நேற்று பேத்தி மறுபடியும் புத்தகத்தைக் கொண்டுவந்தாள். அதே கேள்வி.

"வேறே எதையாவது பிடிச்சிருக்கும், கண்ணு" என்றேன்.

"எதை, தாத்தா?" என்றாள்.