நீர்த்துளிக்குக் காரணம் எது?

ஒரு நிகழ்வுக்குப் பல நிபந்தனைகள் சேர்ந்து துணைநிற்கும்போது, அவற்றுள் எதைக் காரணம் என்று சொல்வது? மெய்யியலின் இந்தப் பழைய கேள்வியை, வீட்டில் பீர் தயாரிப்போரின் குளிர்பெட்டியில் கோக்கும் நீர் தெளிவாக விளக்குகிறது.

அமெரிக்காவில் இத்தகையோர் பலர், மேல்மூடி உள்ள டீப் ஃப்ரீசரின் விளிம்பில் மரச்சட்டம் பொருத்தி, அதில் குழாய்களை இணைத்து, உள்ளே பீர்ப் பீப்பாய்களை வைக்கிறார்கள். தனியான வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி உட்புறத்தை ஏறத்தாழ 4 டிகிரி செல்சியஸில் நிறுத்துகிறது. வழக்கமான ஃப்ரீசரில் உறைபனியாக ஒட்டிக்கிடக்கும் ஈரம் இங்கே நீராக வழிந்து அடியில் தேங்குகிறது. பூஞ்சணமும் துருவும் தொடர்கின்றன.

25 டிகிரியில் ஒரு கன மீட்டர் இடம் சுமார் 23 கிராம் நீராவியைக் கொள்ளும். 4 டிகிரியில் 6 கிராமுக்குச் சற்று மேல் மட்டுமே கொள்ளும். 25 டிகிரியில் 60 சதவீத ஈரப்பதம் உள்ள அறைக்காற்றின் பனிப்புள்ளி ஏறத்தாழ 17 டிகிரி. அதைவிடக் குளிர்ந்த பரப்பைத் தொட்டதும் அந்தக் காற்று நீரை விட்டுவிடுகிறது. ஆக, துளி தோன்ற ஈரக்காற்று, குளிர்ந்த சுவர், காற்று நுழையும் வழி, ஈரத்தை உறிஞ்சும் பொருள் இல்லாமை ஆகிய நான்கும் வேண்டும்.

லண்டன் மருத்துவர் வில்லியம் சார்லஸ் வெல்ஸ் 1814இல் பனித்துளி பற்றிய ஆய்வு நூலை வெளியிட்டார். மெய்யியலாளர் ஜான் ஸ்டூவர்ட் மில் 1843இல் வெளிவந்த தருக்க நூலில், தொகுத்தறியும் முறைகளுக்கு அந்த ஆய்வையே சான்றாக எடுத்துக்கொண்டார். மூச்சுப் பட்ட கல், கிணற்றுநீர் நிறைந்த கண்ணாடிக் குவளை, மழையால் குளிர்ந்த சன்னலின் உட்புறம் ஆகிய எல்லாவற்றிலும் பொதுவாக இருப்பது, தொடும் காற்றைவிடப் பரப்பு குளிர்ந்திருப்பதே. ஆயினும் ஒரு நிபந்தனையை மட்டும் பிரித்துக் காரணம் என்று அழைப்பதை மில் ஏற்கவில்லை. இருப்பவையும் இல்லாதவையுமாகிய நிபந்தனைகள் அனைத்தின் தொகுதியே அவருக்குக் காரணம்.

மெய்யியலாளர் ஆர். ஜி. காலிங்வுட் 1940இல் வேறு விடை தந்தார். வளைவில் கார் கவிழ்ந்தால், ஓட்டுநருக்கு வேகம் காரணம். சாலைப் பொறியாளருக்குச் சாலையின் குறை காரணம். கார் தயாரிப்பாளருக்கு வடிவமைப்பின் குறை காரணம். செயல்படுவோர் தம்மால் மாற்றக்கூடிய நிபந்தனையையே காரணம் என்கிறார்கள்.

குளிர்பெட்டியில் இவ்விரண்டு விடைகளும் ஒன்றையொன்று நிறைவு செய்கின்றன. குளிரை அகற்ற முடியாது; பெட்டி இருப்பதே அதற்காகத்தான். எஞ்சிய மூன்றில் எதைப் பிடிப்பது என்பதைக் கணக்கு காட்டுகிறது. 200 லிட்டர் காற்று முழுவதும் ஒருமுறை மாறினாலும் படியும் நீர் ஒன்றரை கிராம் அளவே. எப்போதாவது மூடியைத் திறப்பதால் அடியில் குளம் கட்டாது. பீர்க் கசிவு இல்லையென்றால், மூடியின் ரப்பர் கேஸ்கட்டிலோ சட்டத்தின் இணைப்பிலோ இடைவிடாத காற்றுக் கசிவு இருக்கிறது என்றே ஐயுற வேண்டும்.

ஐயத்தை உறுதியாக்க, ஒரு நிபந்தனையை மட்டும் மாற்றி விளைவை ஒப்பிடும் மில்லின் வேறுபாட்டு முறை உதவும். பெட்டியைத் துடைத்து உலர்த்தி, இடுக்குகளைச் சிலிக்கோனால் அடைத்து, மற்றவற்றை மாற்றாமல் சில நாள் பார்க்க வேண்டும். அதே நாளில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லையும் வைத்தால், நீரைத் தடுத்தது எது என்று தெரியாமல் போகும். கசிவு நின்றபின், எஞ்சிய ஈரத்தைச் சிலிக்கா ஜெல் உறிஞ்சும். அது நிறைந்ததும் சூடாக்கி உலர்த்தி மீண்டும் பயன்படுத்தலாம். சிறிய மின்விசிறி உள்வெப்பத்தைச் சமப்படுத்துமே தவிர நீரை வெளியேற்றாது.

எதைக் காரணம் என்று தேர்வது நோக்கத்தைச் சார்ந்தது. தேர்ந்தது சரியா என்பதோ நோக்கத்தைச் சாராதது, அதைச் சோதனையே முடிவு செய்கிறது.