அடைக்கலப் பொருள்

பிறர் பொருளைக் கவர்வது பாவம் என்பதை எல்லாச் சமயங்களும் சொல்கின்றன. அதைவிடக் கடுமையான குற்றமாக நம் முன்னோர் ஒன்றைக் கருதினார்கள். நம்மை நம்பி ஒருவர் ஒப்படைத்துச் சென்ற பொருளைக் காக்கத் தவறுவதே அது. திருடனை யாரும் நம்புவதில்லை. ஆதலால் அவன் பொருளை மட்டுமே எடுத்துச் செல்கிறான். அடைக்கலப் பொருளைக் காவாதவனோ, பொருளோடு நம்பிக்கையையும் அழித்துவிடுகிறான்.

சிலப்பதிகாரத்தில் அடைக்கலக் காதை என்றே ஒரு பகுதி உண்டு. கவுந்தியடிகள் கண்ணகியை ஆயர்குல முதுமகள் மாதரியிடம் ஒப்படைக்கிறார். பின்னர்க் கோவலன் கொலையுண்ட செய்தி அறிந்ததும், 'அடைக்கலம் இழந்தேனே' என்ற துயரம் தாளாமல் மாதரி தீயில் புகுந்தாள் என்று காப்பியம் கூறுகிறது. கொலையில் அவளுக்கு எள்ளளவும் பங்கில்லை. சட்டம் அவளைக் கேள்வி கேட்டிருக்காது. ஆயினும் தன் பொறுப்பில் வந்தவர்களின் நலம் தன்னுடையது என்று அவள் எண்ணினாள். உயிர்விடும் அம்முடிவை நாம் போற்ற வேண்டியதில்லை. அப்பொறுப்புணர்வின் ஆழத்தையே எண்ணிப் பார்க்க வேண்டும்.

அடைக்கலப் பொருளைப் பற்றிய சிந்தனை நீதி நூல்களிலும் விரிவாக உள்ளது. மூடி முத்திரையிட்டு, உள்ளே இருப்பது இன்னதென்று சொல்லாமல் ஒப்படைக்கும் பொருளுக்கு 'உபநிதி' என்று பெயர். அதை வைத்திருப்பவன் தன் தேவைக்குப் பயன்படுத்தினால், அப்பயனுக்குரிய கூலியைத் தருவதோடு 12 பணம் தண்டமும் கட்ட வேண்டும் என்கிறது கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம். பொருள் குறையாமல் திரும்பி வந்தாலும் குற்றம் குற்றமே. உரிமையாளர் இசையாத பயன்பாடு ஒருவகைத் திருட்டு என்பதே இதன் கருத்து.

இன்று நாம் நாள்தோறும் எத்தனையோ உபநிதிகளை ஒப்படைத்துக்கொண்டிருக்கிறோம். மருத்துவமனையில் நோயின் விவரம், வங்கியில் வருமானம், பள்ளியில் குழந்தையின் பிறந்த நாள், கைப்பேசிச் செயலியில் நாம் இருக்கும் இடம் என்று அவை நீள்கின்றன. இவற்றைப் பெற்றுக்கொள்பவர் முகத்தை நாம் காண்பதில்லை. அவரும் நம்மைக் காண்பதில்லை. முகமறியாதவர்களுக்கிடையே நிலவ வேண்டிய இந்த நம்பிக்கையை யார் காப்பது? அக்கேள்வியிலிருந்து பிறந்ததே 'தரவுப் பாதுகாப்பு அலுவலர்' என்னும் புதிய தொழில்.

தொம்மலூர் கூறும் இரு செய்திகள்

பெங்களூரின் தொம்மலூர் இத்தொழிலைப் பற்றிச் சிந்திக்கப் பொருத்தமான இடம். அங்கே சொக்கப்பெருமாள் எழுந்தருளியுள்ள பழைய கோயில் ஒன்று இருக்கிறது. சொக்கநாதசுவாமி கோயில் என்று இன்று அழைக்கப்பட்டாலும் மூலவர் திருமாலே. 13ஆம் நூற்றாண்டைச் சார்ந்த தமிழ்க் கல்வெட்டுகள் அங்கே உள்ளன. ஊரின் பெயர் அவற்றில் தொம்பலூர் என்றும், தேசிமாணிக்கபட்டணம் என்றும் காணப்படுகிறது.

அக்காலத் தமிழ்க் கல்வெட்டுகள் பலவற்றின் இறுதியில் ஒரு மரபுத் தொடர் வரும். இந்தத் தர்மத்தை அழிப்பவன் கங்கைக் கரையில் பசுவைக் கொன்ற பாவத்தை அடைவான் என்று அது எச்சரிக்கும். வேறு சிலவற்றில், இதைக் காப்பவரின் திருவடிகள் என் தலைமேல் இருப்பனவாகுக என்று கொடையாளி வேண்டிக்கொள்வார். அரசரே ஆனாலும், என்றோ பிறக்கப்போகும் முகமறியாக் காவலர் ஒருவரை முன்கூட்டியே வணங்குகிறார்! தாம் இல்லாத காலத்தில் தம் கொடை அடுத்தவர் கையில் இருக்கும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். காவலரைக் கட்டுப்படுத்தும் ஆற்றல் அப்போது தமக்கு இராது என்பதும் அவருக்குத் தெரியும். ஆகவே அவர் காவலரின் மனச்சான்றை நோக்கிப் பேசுகிறார்.

அந்தக் கோயிலைச் சுற்றி இன்று மென்பொருள் நிறுவனங்களின் வளாகங்கள் எழுந்துள்ளன. 2008இல் தொடங்கப்பட்ட 'சென்டர் ஃபார் இன்டர்நெட் அண்ட் சொசைட்டி' என்னும் ஆய்வு நிறுவனமும் பல ஆண்டுகள் தொம்மலூரில் இயங்கியது. 2017 மே மாதம் அது வெளியிட்ட ஆய்வறிக்கை ஒன்று நாட்டைத் திடுக்கிட வைத்தது. முதியோர் ஓய்வூதியத்தை உள்ளடக்கிய தேசியச் சமூக உதவித் திட்டம், ஊரக வேலை உறுதித் திட்டம் உள்ளிட்ட நான்கு அரசுத் திட்டங்களின் இணையதளங்களில், ஏறக்குறைய 13 கோடி பேரின் ஆதார் எண்களும், ஏறக்குறைய 10 கோடி வங்கிக் கணக்கு எண்களும் எவரும் காணும்படி இருந்தன என்று அது மதிப்பிட்டது.

இங்கே திருடன் யாரும் பூட்டை உடைக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். உதவித்தொகை உரியவருக்குச் சேருகிறதா என்பதை மக்கள் அறிய வேண்டும் என்னும் நல்ல நோக்கத்தோடுதான் பட்டியல்கள் வெளியிடப்பட்டன. அதில் எந்தத் தகவல் தேவை, எது தேவையில்லை என்று நின்று யோசிக்க ஒருவர் இல்லை. அந்த மூதாட்டியோ, கைம்பெண்ணோ, கூலித் தொழிலாளியோ தம் கணக்கு எண் ஊரறியக் கிடப்பதை அறிய வழியும் இல்லை. தீய எண்ணம் இல்லாமலேயே பெருந்தீங்கு நேரலாம். விழிப்பு இல்லாத நன்னோக்கம் அடைக்கலத்தைக் காக்காது.

சட்டம் வந்த வழி

அதே பெங்களூரில் வாழ்ந்தவர் கர்நாடக உயர்நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே. எஸ். புட்டசுவாமி. 2012இல், எண்பது வயதைக் கடந்த நிலையில், ஆதார் திட்டத்தை எதிர்த்து அவர் உச்சநீதிமன்றத்தை அணுகினார். அவ்வழக்கில் எழுந்த ஓர் அடிப்படைக் கேள்வியை ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு ஆராய்ந்தது. அந்தரங்கம் அரசியலமைப்பு காக்கும் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24ஆம் நாள் அவ்வமர்வு ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. புட்டசுவாமி 2024இல் தம் 98ஆம் வயதில் காலமானார்.

அத்தீர்ப்பின் தொடர்ச்சியாக 2023 ஆகஸ்டில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்களின் பெரும்பாலான கடமைகள் அதிலிருந்து 18 மாதங்கள் கழித்து நடைமுறைக்கு வரும் என்று அவை கூறுகின்றன. தகவலைத் தரும் மனிதரை இச்சட்டம் 'பிரின்சிபல்', அதாவது முதன்மையானவர் என்கிறது. பெற்றுக்கொள்ளும் நிறுவனத்தை 'ஃபிடூஷியரி' என்கிறது. நம்பிக்கை என்னும் பொருள் தரும் லத்தீன் வேரிலிருந்து வந்த சொல் அது. நிறுவனம் தகவலுக்கு உடைமையாளர் அன்று, அடைக்கலம் காப்பவரே என்னும் கருத்து இப்பெயர்களிலேயே அடங்கியிருக்கிறது.

மிகுந்த தரவுகளைக் கையாள்வதாக அரசு அறிவிக்கும் நிறுவனங்கள் தரவுப் பாதுகாப்பு அலுவலர் ஒருவரை நியமிக்க வேண்டும். அவர் இந்தியாவில் இருக்க வேண்டும்; நிறுவனத்தின் இயக்குநர் குழுவுக்கு நேரடியாகப் பதில் சொல்ல வேண்டும்; மக்களின் குறைகளைக் கேட்கும் வாயிலாகவும் இருக்க வேண்டும். சட்டம் படித்தவர்கள், மென்பொருள் பொறியாளர்கள், தணிக்கைத் துறையினர் எனப் பல திசைகளிலிருந்தும் இளைஞர்கள் இத்துறைக்கு வருகிறார்கள். இந்தியத் தரவுப் பாதுகாப்பு மன்றம், ஐ.ஏ.பி.பி. என்னும் சர்வதேசச் சங்கம் போன்றவை இதற்கான சான்றிதழ்த் தேர்வுகளை நடத்துகின்றன.

வேலையின் இயல்பு எளிதாகவே புரியக்கூடியது. நிறுவனத்தில் எந்தத் தகவல் எங்கே இருக்கிறது, எதற்காகப் பெறப்பட்டது என்று கண்டறிய வேண்டும். இசைவு கேட்கும் அறிவிப்பு எளிய மொழியில் இருக்கிறதா, எட்டாம் அட்டவணையின் 22 மொழிகளில் விரும்பியதில் படிக்க வழி உண்டா என்று பார்க்க வேண்டும். 18 வயது நிறையாதவரின் தகவலுக்குப் பெற்றோரின் இசைவு உண்மையாகப் பெறப்பட்டதா என்று உறுதி செய்ய வேண்டும். நோக்கம் முடிந்த தகவலை அழிக்கச் செய்ய வேண்டும். கசிவு நேர்ந்தால் பாதிக்கப்பட்டவர்களுக்குக் காலம் தாழ்த்தாமலும், வாரியத்துக்கு 72 மணி நேரத்துக்குள் முழு விவரத்தோடும் தெரிவிக்க வேண்டும். போதிய காப்பு இல்லாமையால் கசிவு நேர்ந்தால் 250 கோடி ரூபாய் வரை தண்டம் விதிக்கப்படலாம்.

ஊதியம் ஒருவரிடம், கடமை மற்றவரிடம்

இங்கேதான் அறத்தின் கேள்வி எழுகிறது. இந்த அலுவலருக்கு ஊதியம் தருவது நிறுவனம். அவர் காக்க வேண்டியதோ நிறுவனத்துக்கு வெளியே உள்ள இலட்சக்கணக்கான முகமறியா மக்களை. இரு சாராரின் நலனும் மோதும்போது அவர் யாருக்கு உண்மையாக இருப்பது?

ஓர் இளைஞர் தம் 26ஆம் வயதில் இப்பணியில் சேர்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கடன் வழங்கும் செயலி ஒன்று, வாடிக்கையாளரின் தொலைபேசியில் உள்ள உறவினர் எண்கள் அனைத்தையும் எடுத்துக்கொள்ள விரும்புகிறது. 'எல்லோரும் சம்மதம் என்று அழுத்திவிடுகிறார்கள், பிறகு என்ன தடை?' என்று மேலாளர் கேட்கிறார். பணத்தேவையில் தவிக்கும் ஏழை படிக்காமல் அழுத்திய பொத்தானைச் சுதந்திரமான இசைவு என்று கருதலாமா? கருதலாகாது என்று அந்த இளைஞரின் உள்ளம் சொல்கிறது. ஆனால் மாதத் தவணை இருக்கிறது. வீட்டில் பெற்றோர் இருக்கிறார்கள். பதவி உயர்வு அடுத்த மாதம் முடிவாகிறது.

ஜெர்மனி 1977இலேயே இத்தகைய அலுவலர்களைப் பற்றிச் சட்டம் செய்த நாடு. 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த ஐரோப்பியப் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறை, கடமையைச் செய்ததற்காக அலுவலரைப் பணிநீக்கமோ தண்டனையோ செய்யலாகாது என்று விதித்தது. இந்தியச் சட்டத்தில் அத்தகைய வெளிப்படையான காப்பு இல்லை. ஆகவே நம் நாட்டில் இப்பணிக்கு வருபவருக்கு உள்ளத்தின் உறுதி இன்னும் மிகுதியாகத் தேவைப்படுகிறது.

ஊதியம் தருபவரின் விருப்பமே பணியாளரின் தர்மம் என்று சிலர் நினைக்கிறார்கள். இது சரியன்று. ஆலையில் பணிபுரியும் மருத்துவர் ஆலையிடம் ஊதியம் பெற்றாலும் நோயாளிக்கே கடமைப்பட்டவர். கணக்குத் தணிக்கையாளருக்கும் அப்படியே. 2009 ஜனவரியில் சத்யம் கம்ப்யூட்டர் நிறுவனத்தின் தலைவரே தம் கணக்குகள் பொய்யானவை என்று ஒப்புக்கொண்டபோது, மௌனமாகக் கையெழுத்திடும் தணிக்கை எவரையும் காப்பதில்லை என்பது புலனாயிற்று. மேலும், உரிய நேரத்தில் 'வேண்டாம்' என்று சொல்பவர் நிறுவனத்துக்கும் நன்மையே செய்கிறார். நம்பிக்கையை இழந்த நிறுவனம் நெடுங்காலம் நிலைப்பதில்லை.

ஆயினும் நன்மை விளையும் என்பதற்காக மட்டும் அறத்தைப் பின்பற்றினால், தீமை விளையாது என்று தோன்றும் நாளில் அதைக் கைவிட்டுவிடுவோம். எவரும் கண்டுபிடிக்க முடியாத தவறுகள் இத்துறையில் ஏராளம். ஒரு நகலை அழிக்காமல் விட்டால் யார் அறிவார்? ஒரு பட்டியலை ஒருமுறை வேறு நோக்கத்துக்குப் பயன்படுத்தினால் யார் கேட்பார்? பலனில் கண் வைக்காமல் கடமையைச் செய்யும் கர்மயோக நெறி இங்கே நடைமுறைத் தேவையாகிறது. அலுவலர் எத்தனையோ கசிவுகளைத் தடுத்தாலும், நடக்காத தீமைக்கு நன்றி சொல்ல யாரும் வரமாட்டார்கள். பாராட்டுக்காகப் பணி செய்பவர் இதில் விரைவில் சோர்ந்துவிடுவார்.

இன்னொரு விவேகமும் அவருக்கு வேண்டும். மறைப்பதெல்லாம் காப்பது ஆகாது. இச்சட்டம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் ஒரு பிரிவைத் திருத்தியிருப்பது, பொதுப் பதவியில் உள்ளவர்களின் தவறுகளுக்குத் திரையாகிவிடுமோ என்னும் கவலை பலரிடம் எழுந்துள்ளது. எளியவரின் அந்தரங்கத்தைக் காப்பதும், வலியவரின் செயலை மக்கள் மன்றத்தில் வைப்பதும் ஒரே அறத்தின் இரு கடமைகள். 'யாருக்காக இதை மறைக்கிறேன்?' என்று ஒவ்வொரு முறையும் தன்னையே கேட்டுக்கொள்பவரால்தான் இரண்டையும் செய்ய முடியும்.

நம் கையில் உள்ளவை

இது யாரோ சில அலுவலர்களின் கடமை என்று நாம் ஒதுங்கிவிடலாமா? தனிப்பட்ட, குடும்பத் தேவைக்காக ஒருவர் கையாளும் தகவலுக்கு இச்சட்டம் பொருந்தாது. அறம் அங்கும் பொருந்தும். நண்பரின் மருத்துவ அறிக்கையைக் குழுவுக்கு அனுப்புவது, அண்டை வீட்டாரின் துயரத்தைப் படம் எடுத்துப் பரப்புவது, திருமணத்துக்காக வந்த ஜாதகத்தையும் புகைப்படத்தையும் வேலை முடிந்த பின்னும் பிறருக்குக் காட்டுவது ஆகிய அனைத்தும் அடைக்கலப் பொருளைச் சிதறடிப்பவையே. அன்னதானத்துக்கும் சத்சங்கத்துக்கும் பெயர் எழுதி வாங்கும் நம் பதிவேடுகளும் இதற்கு விலக்கல்ல.

நம் இல்லங்களிலிருந்து ஒரு மகனோ மகளோ இத்தொழிலுக்குச் செல்லும்போது, ஊதியம் எவ்வளவு என்று கேட்பதோடு நில்லாமல், 'நேர்மையாக மறுத்துப் பேசியதால் வேலையே போனாலும் வீட்டுக்கு வா, நாங்கள் இருக்கிறோம்' என்று சொல்லி அனுப்புவோமாக. சட்டம் தராத காப்பை ஒரு குடும்பம் தர முடியும். அந்தத் துணிவோடு பணிக்குச் செல்லும் இளைஞர், தாம் ஒருபோதும் காணப்போகாத ஒரு மூதாட்டியின் கணக்கு எண்ணைத் தம் தாயின் உடைமைபோல் காப்பார்.