நீரே சாட்சி

தர்மசங்கடம் என்ற சொல்லைக் கேட்டதும் போர்க்களமும் அரசவையும் வனவாசமும் நினைவுக்கு வருகின்றன. அத்தகைய பெரிய அரங்குகளே அதற்கு உரியவை என்று எண்ணிப் பழகிவிட்டோம். நான்கடிக்கு ஆறடி அளவுள்ள ஒரு குளியலறையில் அது தலைகாட்டும்போது, அதனை அடையாளம் கண்டுகொள்வதே கடினமாகிவிடுகிறது.

மும்பையின் செம்பூர்ப் பகுதியில், ஓர் அடுக்குமாடிக் கட்டிடத்தின் இரண்டாம் தளத்தில் வசித்துவரும் இல்லறத்தார் ஒருவர். பொறியாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். மனைவியும், 80 வயதைக் கடந்த தாயாரும் உடனிருக்கின்றனர். வீட்டில் குளியலறை ஒன்றே. நெடுநாட்களுக்கு முன் பதித்த தரைக்கற்கள் ஆங்காங்கே பெயர்ந்துவிட்டன. அவற்றில் கால் இடறித் தாயார் ஒருமுறை விழவும் நேர்ந்தது. அறையைப் புதுப்பித்தே ஆகவேண்டும் என்று முடிவாயிற்று. கொத்தனாரை அழைக்கலாம் என்றார் மனைவி. ‘என் கையாலேயே செய்துவிடுகிறேன்’ என்றார் அவர். வீட்டுவசதிச் சங்கத்தின் அனுமதியும் பெற்று, மார்ச் மாத இறுதியில் உளியையும் சுத்தியலையும் கையில் எடுத்தார்.

தன் வேலையைத் தானே செய்வது நல்லதா? கேள்வி எளிதாகத் தோன்றுகிறது. அது கொத்தனாருடைய கூலியைப் பறிப்பதாகும் என்பார் உண்டு. அந்த வாதத்தில் வலு அதிகம் இல்லை. சமைக்கத் தெரிந்தவர் உணவு விடுதிக்குப் போகாமலிருப்பதை யாரும் குற்றமாகச் சொல்வதில்லை. கவனிக்க வேண்டியது வேறொன்று. ‘என் கையால்’ என்ற சொற்றொடரில் கையைவிட ‘என்’ என்பது பெரிதாகிவிடும் அபாயம் எப்போதும் இருக்கிறது. அவ்வாறு ஆகும்போது அதன் பாரத்தை முதலில் சுமப்பவர்கள் உடன் வாழ்பவர்களே.

காந்தியடிகள் இதனைத் தம் வாழ்விலிருந்தே எடுத்துக்காட்டியிருக்கிறார். 1898-இல் டர்பனில் அவர் குடியிருந்த வீடு மேல்நாட்டுப் பாணியில் கட்டப்பட்டது. அறைகளில் கழிவுநீர் வெளியேற வழி இல்லாததால் ஒவ்வோர் அறையிலும் சிறுநீர்க் கலயம் வைக்கப்பட்டிருந்தது. குஜராத்திகளும் தமிழர்களுமான அவருடைய குமாஸ்தாக்கள் பலர் அந்த வீட்டிலேயே தங்கியிருந்தனர். அவர்களுள் பஞ்சமர் குலப் பெற்றோருக்குப் பிறந்த கிறிஸ்தவர் ஒருவரும் இருந்தார். வேலையாளிடம் விடாமல் அக்கலயங்களைத் தாமும் தம் மனைவியுமே தூய்மை செய்ய வேண்டும் என்பது காந்தியடிகளின் கொள்கை. கஸ்தூரிபா கண்ணீருடன் கலயத்தைச் சுமந்து படியிறங்கினார். சுமந்தால் மட்டும் போதாது, முகமலர்ச்சியோடு சுமக்க வேண்டும் என்று கணவர் வற்புறுத்தினார். வாக்குவாதம் முற்றி, மனைவியின் கையைப் பற்றி வாயிற்கதவு வரை இழுத்துச் சென்று வெளியே தள்ள முற்பட்டார். பிறகு தாமே வெட்கித் தலைகுனிந்தார். 1925 முதல் தொடராக வெளிவந்த ‘சத்திய சோதனை’யில் இந்த நிகழ்ச்சியை அவர் மறைக்கவில்லை, தமக்குச் சாதகமாக மெழுகவும் இல்லை. கழிவை அகற்றும் வேலை இழிவானதன்று என்ற கொள்கை அன்றும் சரியானதே, இன்றும் சரியானதே. அந்தக் கொள்கையைக் கையிலேந்தி நின்ற மனிதர், தம் அருகில் அழுதுகொண்டு நின்றவரைக் காணத் தவறினார்.

செம்பூர் வீட்டில் இழுபறி அந்த அளவுக்குப் போகவில்லை. ஆயினும் ஒரு வாரத்தில் முடியும் என்று சொன்ன வேலை மூன்று வாரங்களாக நீண்டது. கூடம் முழுவதும் சிமெண்டுத் தூசு. பூஜை அலமாரியின் மேலும் அதே தூசு. உடைத்த கல்லும் காரையும் சாக்குகளில் கட்டப்பட்டு வாசலை அடைத்துக் கிடந்தன. மனைவி கேட்டது ஒன்றே ஒன்று: “அம்மா எங்கே குளிப்பார்?” அவர் அதை யோசித்திருக்கவில்லை. விடை கீழ்த்தளத்திலிருந்து வந்தது. நேர்கீழே வசிக்கும் மராத்தியக் குடும்பத்து அம்மையார், செய்தி அறிந்து தாமே மேலே வந்து, “எங்கள் குளியலறை இருக்கும்போது என்ன கவலை?” என்றார். மறுநாள் முதல் தாயார் ஒவ்வொரு காலையும் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு ஒரு தளம் இறங்கிப் போய்க் குளித்துவந்தார். அந்த அம்மையார் ஒருநாள்கூட வெந்நீர் எடுத்துவைக்கத் தவறவில்லை.

குளியலறையின் தரை எவ்வாறு அமைகிறது என்பதைச் சற்று விரிவாகவே பார்க்க வேண்டும். விஷயத்தின் உயிர் அங்கேதான் இருக்கிறது. அடுக்குமாடி வீடுகள் பலவற்றில் குளியலறையின் கான்கிரீட் தளம் மற்ற அறைகளின் தளத்தைவிடத் தாழ்வாக அமைக்கப்படுகிறது. அந்தப் பள்ளத்தில் கழிவுநீர்க் குழாய்கள் செல்கின்றன. குழாய்களைச் சுற்றிச் செங்கல் ஜல்லியும் கலவையும் இட்டு நிரப்புவார்கள். அதன்மேல் நீர்க்கசிவைத் தடுக்கும் பூச்சு இரண்டு முறை பூசப்படும். முதல் பூச்சு நெடுக்குவாட்டத்தில் என்றால் இரண்டாவது குறுக்குவாட்டத்தில் அமைய வேண்டும். பூச்சு தரையோடு நின்றுவிடாமல் சுவரிலும் ஓரடி உயரத்துக்காவது ஏற வேண்டும். தண்ணீர் தானாக வடியும்படி தரைக்கு வாட்டம் கொடுத்து, கடைசியாகக் கற்களைப் பதிப்பார்கள். பார்ப்பவர் கண்ணுக்கு எட்டுவது இந்தக் கடைசி அடுக்கு மட்டுமே. வீட்டைக் காப்பதோ அதற்கு அடியில் உள்ள பூச்சு. பூச்சும் பெரும்பாலும் தோற்பது நடுத்தரையில் இல்லை. தரையும் சுவரும் சேரும் மூலைகளிலும், தண்ணீர் வடியும் குழாயின் வாயைச் சுற்றியுள்ள விளிம்பிலும்தான்.

இதற்கு ஒரு சோதனை உண்டு. பூச்சு உலர்ந்த பின், கற்களைப் பதிப்பதற்கு முன், வடிகுழாயின் வாயை இறுக அடைத்துத் தரையில் இரண்டு அங்குல உயரத்துக்குத் தண்ணீரைத் தேக்க வேண்டும். சுவரில் நீர்மட்டத்தைக் குறித்துவிட்டு 24 மணி நேரமோ, 48 மணி நேரமோ காத்திருக்க வேண்டும். நீர்மட்டமும் கீழ்வீட்டுக் கூரையும் உண்மையைச் சொல்லிவிடும். விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். காத்திருப்பது ஒன்றே செலவு.

பொறியாளருக்கு இது தெரியாததன்று. ஆனால் அந்தக் கட்டத்தை அடைந்தபோது மூன்றாம் வாரம் முடிந்துகொண்டிருந்தது. முதிய தாய் படியிறங்கிப் போவதைக் காணும்போதெல்லாம் மனம் உறுத்தியது. ‘இந்த ஞாயிற்றுக்கிழமை அம்மா நம் வீட்டிலேயே குளிப்பார்’ என்று எல்லோரிடமும் சொல்லியும் வைத்திருந்தார். இன்னும் இரண்டு நாட்களா என்று தோன்றியது. பூச்சைத்தான் ஒழுங்காகப் பூசியாயிற்றே! தண்ணீரைத் தேக்காமலேயே கற்களைப் பதித்தார். தாயின்மீது கொண்ட இரக்கமும், சொன்ன நாளில் முடிக்க வேண்டும் என்ற வீம்பும் ஒரே உருவில் வந்து நின்றன. அவற்றைப் பிரித்துப் பார்க்க அவர் முயலவில்லை. இரக்கத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு வரும் தவறுகள் இப்படித்தான் சோதனையின்றி உள்ளே நுழைகின்றன.

வேலை அழகாக அமைந்தது. ரசமட்டம் வைத்துப் பார்த்தாலும் பிசகில்லை. வந்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள்.

ஜூன் மாதம் மழை தொடங்கியது. செப்டம்பர் முடிவதற்குள் 2000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஊர் மும்பை. சுவர்கள் ஈரமாவதும், கூரைகள் பூஞ்சை பிடிப்பதும் அங்கு யாருக்கும் வியப்பளிப்பதில்லை. ஜூலையில் கீழ்வீட்டுக் குளியலறைக் கூரையில் ஈரம் படர்ந்தது. அவர்கள் மழையைக் காரணமாக எண்ணினார்கள். சங்கச் செயலாளரும் வந்து பார்த்து, மழைநீர்க் கசிவு என்றே பதிவேட்டில் எழுதினார். இதில் ஒரு நுட்பம் உண்டு. அங்குள்ள கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கங்களின் விதிகளின்படி, மழைநீராலும் பொதுக் குழாய்களாலும் ஏற்படும் கசிவைச் சீர்செய்யும் செலவு சங்கத்தைச் சேரும். ஒருவர் வீட்டுக் குளியலறையால் ஏற்படும் கசிவென்றால் செலவு அந்த உறுப்பினரைச் சேரும்.

மேல்வீட்டுக்காரருக்கு மட்டும் வடிகுழாயின் விளிம்பு நினைவுக்கு வந்தது. அந்தி வேளையில், விளக்கு வெளிச்சம் போதாத நிலையில், அவசரமாகப் பூசிய விளிம்பு அது.

கிரேக்க ஞானி பிளேட்டோ ‘குடியரசு’ என்ற நூலின் இரண்டாம் பகுதியில் ஒரு கதையைக் கூறுகிறார். லிடியா நாட்டு ஆட்டிடையன் ஒருவனுக்கு ஒரு மோதிரம் கிடைக்கிறது. அதன் முகப்பை உள்ளங்கைப் பக்கம் திருப்பினால், அணிந்தவன் பிறர் கண்ணுக்குத் தெரியமாட்டான். இடையன் அதன் துணையால் அரசனைக் கொன்று ஆட்சியையே கைப்பற்றுகிறான். இந்த மோதிரம் கிடைத்தால் நல்லவனும் தீயவனும் ஒரே வழியில்தான் நடப்பார்கள் என்று உரையாடலில் வாதிடுகிறான் கிளாக்கோன். மோதிரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அறம் ஆன்மாவுக்கு நன்மையே என்பதை நிலைநாட்ட சாக்ரடீஸுக்கு நூலின் பத்தாம் பகுதி வரை தேவைப்படுகிறது.

தரைக்கல்லும் ஒருவகையில் அந்த மோதிரமே. ஆனால் இடையனின் மோதிரம் அவனைப் பிறரிடமிருந்து மட்டுமே மறைத்தது. தான் செய்தது என்ன என்பதை அவன் அறிவான். தரைக்கல் இன்னும் சூட்சுமமானது. செய்தவனிடமிருந்தே செய்ததை அது மறைத்துவிடுகிறது. கசிவு விளிம்பிலிருந்து வருகிறதா, மழையிலிருந்து வருகிறதா என்பது மேல்வீட்டுக்காரருக்கும் உறுதியாகத் தெரியாது. ஆகையால் அவர் பொய் சொல்லவேண்டிய அவசியமே எழவில்லை. யாராவது கேட்டால் ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்லலாம். அது முழு உண்மையாகவே இருக்கும்.

இங்கேதான் கேள்வி கூர்மை பெறுகிறது. அறியாமை குற்றமாகாது என்பது பொதுவான கருத்து. அறிந்துகொள்ளும் வழி கைக்கெட்டும் தூரத்தில் இருக்க, அதன் பக்கம் திரும்பாமல் காத்துவரும் அறியாமைக்கு என்ன பெயர் தருவது? குளியலறைத் தரையில் சாயநீரை ஊற்றிவிட்டுக் கீழ்க்கூரையைக் கவனித்தால் போதும். சலவைக்குப் போடும் சொட்டுநீலம் ஒரு புட்டி சில ரூபாய். அது அவர் வீட்டு அலமாரியிலேயே இருந்தது. மூன்று வாரங்கள் அங்கேயே இருந்தது.

அந்த மூன்று வாரங்களும் அவர் மனம் சும்மா இருக்கவில்லை. ‘கடமையைச் செய்தாயிற்று, பலனில் பற்று வேண்டாம் என்பதுதானே கர்மயோகம்’ என்றுகூட ஒருநாள் எண்ணினார். கீதையை இவ்வாறு துணைக்கு அழைப்பவர்கள் பலர். பலனில் பற்றின்மை என்பது தனக்கு வரும் இலாப நட்டங்களைப் பற்றியது. தன் செயலால் அடுத்தவர் தலையில் சொட்டும் நீரைப் பற்றிய அலட்சியத்துக்கு அந்தப் பெயரைச் சூட்ட முடியாது. உண்மையில் அவர் பலனின்மீது மிகுந்த பற்றுடன்தான் இருந்தார். அழகிய தரை, பாராட்டு, தம் கையால் செய்தோம் என்ற நிறைவு ஆகிய பலன்களின்மீது.

ஒருநாள் மாலை தாயார் கீழ்வீட்டுக்குப் போய்ப் பேசியிருந்துவிட்டுத் திரும்பினார். “பாவம்டா, அவர்கள் குளிக்கும்போது தலையில் சொட்டுகிறதாம். ஒரு வாளியை வைத்திருக்கிறார்கள். இந்த மழை யாரைத்தான் விட்டுவைத்தது!” என்றார். அந்தச் சொல்லில் குற்றச்சாட்டு ஏதும் இல்லை.

மறுநாள் காலை அவர் கீழே சென்றார். “வஹினி, உங்கள் கூரையை நான் பார்க்க வேண்டும். தவறு என்னுடையதாக இருக்கலாம் என்று சந்தேகப்படுகிறேன். மூன்று நாட்கள் எங்கள் தரையில் நீலம் கலந்த தண்ணீரை ஊற்றப் போகிறேன். உங்கள் கூரையில் நீலம் தெரிந்தால் உடனே சொல்லுங்கள்” என்றார். வஹினி என்றால் அண்ணி. பக்கத்து வீட்டுப் பெண்மணியை மராத்தியர் அழைக்கும் முறை அது. அவர் சற்றுத் திகைத்தார். “மழை என்றல்லவா சொன்னார்கள்?” என்றார். “மழையாகவும் இருக்கலாம். பார்த்துவிடுவோம்” என்றார் இவர்.

மூன்றாம் நாள் மாலை, கூரையின் ஈரத்தில், வடிகுழாய் இறங்கும் இடத்தைச் சுற்றி மங்கலான நீல வளையம் ஒன்று தெரிந்தது.

அன்றிரவே செயலாளருக்குக் கடிதம் எழுதி, பதிவேட்டில் உள்ளதைத் திருத்தும்படி கேட்டுக்கொண்டார். கீழ்வீட்டுக் கூரைக்கு வெள்ளையடிக்கும் செலவும் தம்முடையது என்று குறிப்பிட்டார். அடுத்த வாரம் உளி மீண்டும் வெளியே வந்தது. இம்முறை ஒரு கொத்தனாரும் உடனிருந்தார். குழாயின் விளிம்பைத் தட்டிப் பார்த்துவிட்டு, இரண்டு விரல் அகலத்துக்குப் பூச்சு பிடிக்கவேயில்லை என்று காட்டினார். அழகாகப் பதித்த கற்களில் பாதிக்குமேல் உடைந்துபோயின. மனைவி தூசுக்கு அஞ்சிப் பூஜை அலமாரியைத் துணியால் மூடினார், வேறொன்றும் சொல்லவில்லை.

புதிய பூச்சு உலர்ந்ததும் வடிகுழாயின் வாயை அடைத்துத் தண்ணீரைத் தேக்கினார்கள். 48 மணி நேரம் போதும் என்றார் கொத்தனார். இவர் நான்கு நாட்கள் வைத்திருந்தார். சுவரில் பென்சிலால் கோடு கிழித்து, அருகில் தேதியையும் நேரத்தையும் எழுதினார். அந்த நாட்களில், தோளில் துண்டும் கையில் மாற்றுப்புடவையுமாகத் தாயார் மறுபடியும் ஒவ்வொரு காலையும் ஒரு தளம் இறங்கிப் போனார். மகன் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு உடன் சென்றார். கீழ்வீட்டுக் கதவு திறந்திருந்தது. கூரையில் ஈரம் இன்னும் முழுவதும் காயவில்லை. சொட்டுவதற்காக வைத்திருந்த வாளியைச் சற்றே நகர்த்திவிட்டு, அதற்குப் பக்கத்தில் அந்த அம்மையார் வெந்நீரை எடுத்துவைத்திருந்தார்.