எண்ணும் ஓர் அமானிதமே

பிறர் நம்மிடம் ஒப்படைத்த பொருளை அமானிதம் என்கிறோம். பணமும் நகையும் மட்டுமல்ல, நம்பிச் சொல்லப்பட்ட இரகசியமும் அமானிதமே என்று உலமாக்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அப்படியானால், அரசாங்கம் நம்மிடமிருந்து வாங்கி வைத்திருக்கும் 12 இலக்க ஆதார் எண் எந்த வகையைச் சேர்ந்தது?

ரேஷன் அரிசிக்குக் கேட்டார்கள், முதியோர் பென்ஷனுக்குக் கேட்டார்கள், கொடுத்தோம். வேறு வழியில்லாத ஏழை கொடுத்த பொருள் என்பதால், வாங்கியவரின் பொறுப்பு கூடுகிறதே தவிரக் குறையவில்லை. ஆனால் நடந்தது என்ன? 2017 ஏப்ரலில் ஜார்க்கண்ட் அரசின் இணையதளம் ஒன்றில், பென்ஷன் பெறும் 10 இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் ஆதார் எண்கள் யாரும் பார்க்கும்படி கிடந்தன. அதே ஆண்டு நவம்பரில், கல்வி நிலையங்கள் உட்படச் சுமார் 210 மத்திய, மாநில அரசு இணையதளங்கள் பயனாளிகளின் எண்களை வெளியிட்டிருந்தன என்று ஆதார் ஆணையமே ஒப்புக்கொண்டது. பின்னர் அவை நீக்கப்பட்டனவாம்! இத்தனைக்கும் 2016ஆம் ஆண்டின் ஆதார் சட்டம், விதிகள் அனுமதித்தாலன்றி அந்த எண்ணைப் பகிரங்கப்படுத்தலாகாது என்று 29ஆம் பிரிவில் சொல்கிறது. இங்கே கள்வன் பூட்டை உடைக்கவில்லை. காவல்காரரே கதவைத் திறந்து வைத்திருந்தார்.

'வெறும் எண்ணால் என்ன செய்துவிட முடியும்? கைரேகையும் வேண்டுமே' என்பது அதிகாரிகள் தரும் சமாதானம். 2018இல் தெலங்கானாவில் ஒரு சிம் கார்டு வியாபாரியைப் போலீசார் கைது செய்தனர். பத்திரப்பதிவுத் துறையின் இணையதளத்தில் இருந்த நிலப் பத்திரங்களிலிருந்து ஆதார் எண்ணையும் கைரேகையையும் எடுத்து, ரப்பர் ஸ்டாம்பு செய்வதைப்போல் போலி ரேகை செய்து, பிறர் பெயரில் சிம் கார்டுகளை இயக்கினார் என்பது குற்றச்சாட்டு. எண்ணும் ரேகையும் ஒரே அரசாங்கத்தின் அலமாரியில்தான் இருந்திருக்கின்றன! பூட்டுச் சாவி தொலைந்தால் வேறு பூட்டு வாங்கலாம். விரலுக்கு எங்கே போவது?

மற்றொரு வாதம் இவ்வளவு எளிதாகத் தள்ளத் தக்கதன்று. பயனாளிகளின் பட்டியலை ஊரறியப் போட்டால்தான், இறந்தவர் பெயரில் பென்ஷன் எடுப்பவனும், செய்யாத வேலைக்குக் கூலி எழுதுபவனும் அகப்படுவார்கள். உண்மை. வறியவரின் பெயரை இப்படி எல்லோருக்கும் காட்டுவதில் நமக்குத் தயக்கம் உண்டு; எனினும் பொதுப் பணத்தின் கணக்கை மக்கள் கேட்கத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கணக்கைச் சரிபார்க்க எண் எதற்கு? பெயரும் ஊரும் தொகையும் இருந்தால், அந்த ஆள் உயிரோடு இருக்கிறாரா என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்லிவிடுவார். அவருக்கு 12 இலக்கம் தேவையில்லை. அந்த ஆளை அறியாத, எங்கோ தூரத்தில் இருக்கும் ஒருவனுக்குத்தான் அது பயன்படும். ஆகவே பட்டியலை வெளியிடுவது கடமையாக இருக்கலாம். எண்ணைச் சேர்த்து வெளியிடுவது ஒருபோதும் கடமையாகாது.

நம்மை அதிகம் உறுத்துவது வேறொன்று. இச்சட்டம் முதலில் இருந்தபடி, ஆதார் ஆணையம் புகார் செய்தாலன்றி நீதிமன்றம் குற்றத்தை விசாரிக்க இயலாது. பொருளுக்கு உரியவர் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 24-8-2017இல் தீர்ப்பளித்த பிறகும் இந்நிலை நீடித்தது. 2019இல் செய்த திருத்தம்தான் சில குற்றங்களுக்கு மட்டும் தனிநபரும் புகார் தர வழி விட்டது.

அரசாங்கத்தைக் கேட்கும் நாம், நம் ஜமாஅத் அலுவலக அலமாரியையும் ஒருமுறை திறந்து பார்க்கலாம். ரமளானில் உதவிப் பொருள் வழங்க வாங்கிய ஜெராக்ஸ் பிரதிகள் எத்தனை ஆண்டுகளாக அங்கே கிடக்கின்றன? கடைசி 4 இலக்கங்கள் மட்டும் தெரியும் ஆதார் பிரதியை ஆணையத்தின் இணையதளத்திலேயே எடுத்துக்கொள்ளலாம். அதுவே போதும் என்று முத்தவல்லிகள் சொல்லிவிடலாம். முன்பே வாங்கியவற்றைக் கணக்கு முடிந்ததும் கிழித்து எரித்துவிட வேண்டும். பழைய பேப்பர் கடைக்குப் போட்டால், யாரோ ஒரு விதவையின் ஆதார் அட்டையில் நமக்கே பஜ்ஜி மடித்து வரும்.