கூலியாளாக வந்த பெருமானும் காத்திருக்கும் எம் பிள்ளைகளும்

திருச்சிற்றம்பலம்



வருடாந்தத் திருவிழாக் காலத்தில் அர்ச்சனைத் தட்டோடு வருகின்ற அடியார்கள் பெயரையும் நட்சத்திரத்தையும் சொன்ன பிறகு, மனதில் உள்ள வேண்டுதலையும் மெல்லிய குரலில் சொல்வதுண்டு. நோய் தீர வேண்டும், பிள்ளை வரம் வேண்டும், வெளிநாடு சென்ற மகள் நலமாகத் திரும்ப வேண்டும் என்பன நாம் நெடுங்காலமாகக் கேட்டுவரும் வேண்டுதல்கள். இவற்றோடு இன்னொன்றும் சேர்ந்திருக்கின்றது. "சாமி, செய்கிற வேலை நிரந்தரமாக வேண்டும்" என்பதே அது. படித்த பிள்ளைகளும் கேட்கிறார்கள். படிக்க வைத்த பெற்றோரும் கேட்கிறார்கள். இந்த வேண்டுதலைப் பற்றி எமது சமயம் என்ன சொல்கிறது என்று சிறிது சிந்திப்பது பொருத்தமாகும்.

தற்காலிகம் என்ற சொல் மலையகத்தாருக்குப் புதியதன்று. 1823 ஆம் ஆண்டு தொடங்கிக் கோப்பித் தோட்டங்களுக்கு அழைத்து வரப்பட்ட எம் முன்னோர், சில காலம் உழைத்துவிட்டு ஊர் திரும்பலாம் என்ற எண்ணத்தோடுதான் வந்தார்கள். அவர்கள் தங்குவதற்கென்று கட்டிய லயன் காம்பிராக்களில் பேரன் பேத்திகளும் பிறந்து வளர்ந்தார்கள். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தால் எம்மவரில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவராயினர். எஞ்சியிருந்தோருக்கும் பிரசாவுரிமை வழங்கும் சட்டம் 2003 இல் வந்தது. இடையில் 55 ஆண்டுகள் கடந்திருந்தன. அந்த 55 ஆண்டுகளிலும் பசறையிலும் அப்புத்தளையிலும் பண்டாரவளையிலும் ஒரு நாளாவது கொழுந்து எடுக்காமல் விட்டார்களா? ஊவாத் தேயிலை என்ற பெயர் உலகச் சந்தையில் மணம் வீசியது. அதைப் பறித்த கைகளோ சொந்த நாடு எதுவென்ற பதிலுக்காகக் காத்திருந்தன.

தாத்தாவும் பாட்டியும் குடியுரிமைக்காகக் காத்திருந்தார்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று நிரந்தர நியமனத்துக்காகக் காத்திருக்கிறார்கள்.

2015 ஆம் ஆண்டில் தோட்டப் பாடசாலைகளுக்கென மூவாயிரத்துக்கு மேற்பட்ட ஆசிரிய உதவியாளர்கள் தெரிவு செய்யப்பட்டதை நாம் அறிவோம். ஊவா மாகாணப் பிள்ளைகளும் அதில் அடங்குவர். ஆரம்பத்தில் அவர்களுக்குக் கிடைத்த மாதாந்தக் கொடுப்பனவு 6,000 ரூபா. பின்னர் அது 10,000 ரூபாவாக்கப்பட்டது. பயிற்சியை முடித்துத் தகைமை பெற்ற பின்னரே ஆசிரியர் சேவைக்குள் உள்வாங்கப்படுவர் என்பது நிபந்தனை. பஸ் கட்டணத்துக்கும் மதியச் சாப்பாட்டுக்குமே அந்தத் தொகை போதாது. ஆனால், அவர்கள் கரும்பலகையில் எழுதிய எழுத்து அரை எழுத்தாக இருந்ததா? நிரந்தர ஆசிரியர் கற்பித்த அதே பாடத்தை, அதே பிள்ளைகளுக்கு முழுமையாகவே கற்பித்தார்கள்.

இவர்கள் மட்டுமல்லர். உள்ளூராட்சி மன்றங்களில் அமைய அடிப்படையில் குப்பை அள்ளும் தொழிலாளர், தொழிற்சாலைகளிலும் கடைகளிலும் ஒப்பந்தத்தில் நிற்போர், தோட்டத்திலேயே செக்ரோலில் பேர் பதியாமல் கொந்தரப்புக்கு மலை ஏறுவோர் எனப் பலர் உண்டு. எமது தோட்டங்களில் 'அரைப்பேர்' என்று ஒரு வழக்கு இருப்பதை அனைவரும் அறிவோம். குறித்த நிறைக்குக் கொழுந்து வராவிட்டால் அந்த நாளுக்கு அரைப்பேர்தான். தற்காலிக வேலையில் வருடக்கணக்காக நிற்பவரின் வாழ்க்கையே அரைப்பேர் ஆகிவிடுகின்றது. வங்கியில் கடன் கேட்டால் நிரந்தர நியமனக் கடிதம் எங்கே என்கிறார்கள். பெண் பார்க்கப் போனால் "மாப்பிள்ளை பெர்மனன்டா?" என்கிறார்கள். வயது ஏறுகின்றது. "அடுத்த மாதம் கடிதம் வரும்" என்ற வாக்கு மட்டும் மாறுவதில்லை.

இந்த இடத்தில் திருவிளையாடற் புராணத்தில் பரஞ்சோதி முனிவர் பாடிய மண் சுமந்த படலத்தை நினைவுகூர வேண்டும்.

வைகை பெருக்கெடுத்து வருகின்றது. கரையை அடைக்க வீட்டுக்கு ஒரு பங்கு அளந்து விடுகிறார்கள். பிட்டு விற்றுப் பிழைக்கும் வந்தி என்ற மூதாட்டிக்கும் ஒரு பங்கு உண்டு. அவளுக்குப் பிள்ளையுமில்லை, ஆளுமில்லை. அப்போது சோமசுந்தரப் பெருமான் கூடையும் மண்வெட்டியுமாக, "கூலிக்கு ஆள் வேண்டுமா?" என்று கேட்டு வருகிறார். உதிர்ந்த பிட்டே கூலி என்று பேச்சு முடிகின்றது. வேலைக்குப் போகுமுன்பே பசிக்கிறது என்கிறார். வந்தி உடனே கொடுக்கிறாள்.

மெய்யடியார்களே, மூவுலகுக்கும் முதல்வன் எந்தக் கோலத்தில் வந்தான் என்று பாருங்கள். அமைச்சராக வரவில்லை. கணக்கராகவும் வரவில்லை. இன்னொருவருக்குப் பதிலாக நிற்கும் ஒரு நாள் கூலியாளாக வந்தான். எங்கள் பெரட்டுக் களத்து மொழியில் சொன்னால், பேர் பதியாத ஆளாக வந்தான். ஆகவே தற்காலிகமாக வேலை செய்கின்றவரை ஒரு படி தாழ்வாகப் பார்க்கும் உரிமை சைவ சமயத்தவர் எவருக்கும் இல்லை. அப்படிப் பார்ப்பவர், ஆவணி மூலத்தன்று பிட்டுத் திருவிழாவில் கைகூப்புவதில் என்ன பொருள்?

வந்தியையும் பாருங்கள். அவள் ஏழை. ஆயினும் பேசிய கூலியைப் பேசியபடி, பசித்த நேரத்தில், தாமதமின்றிக் கொடுத்தாள். வேலை கொடுப்பவருக்கு உரிய இலக்கணம் அந்த மூதாட்டியிடம் இருந்தது. பாண்டியனிடம் படையும் பொக்கிஷமும் இருந்தன. பங்கு அடைபடவில்லை என்று கேட்டதும் அவன் பிரம்பைத்தான் எடுத்தான். அந்த அடி கூலியாளின் முதுகில் விழுந்தபோது அரசன் முதுகிலும், அரசியின் முதுகிலும், அமைச்சர் முதுகிலும், எல்லா உயிர்களின் மீதும் பட்டது. பதிவேட்டில் பெயர் இல்லாத ஒருவனுக்குச் செய்யும் அநீதி, ஊர் முழுவதற்கும் செய்யும் அநீதியாகும். ஓர் ஆசிரிய உதவியாளர் மனம் உடைந்து பள்ளியை விட்டுப் போகும்போது, அந்த அடி அந்த வகுப்பில் இருக்கும் நாற்பது பிள்ளைகளின் மீதும் விழுகின்றது.

இனி, காத்திருத்தலைப் பற்றிப் பேசுவோம். அறுபத்துமூவரில் காத்திருப்பே பெயராக அமைந்தவர் ஒருவர் உண்டு. அவர் திருநாளைப்போவார். தில்லைக்கு "நாளைப் போவேன், நாளைப் போவேன்" என்று சொல்லிச் சொல்லி அந்தப் பெயர் பெற்றவர். கோயில் பேரிகைகளுக்குத் தோலும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும் கொடுத்தவர் அவர். அவர் கொடுத்த தோல் உள்ளே முழங்கியது. அவரோ வெளியே நின்றார். உழைப்பை மட்டும் உள்ளே எடுத்துக்கொண்டு உழைத்தவரை வெளியே நிறுத்தும் வழக்கம் அன்றும் இருந்தது.

திருப்புன்கூரில் என்ன நடந்தது? சிவலோகநாதரை நேரே தரிசிக்க வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டார். நந்தி மறைத்தது. இறைவன் அவரைப் பார்த்து, "பொறுத்திரு, உன் விதி அவ்வளவுதான்" என்று சொல்லவில்லை. நந்தியை விலகச் செய்தான். நாளைப்போவாரின் ஆசையில் பிழையில்லை. நடுவில் இருந்ததுதான் நகர வேண்டியதாயிற்று. கோவைகளை மேசையில் வைத்துக்கொண்டு நடுவில் அமர்ந்திருக்கும் ஒவ்வொருவரும் இதனைத் தம் மனதில் எண்ணிப் பார்ப்பாராக. கையொப்பமிடும் அதிகாரம் உள்ள அடியார்கள் எமது சமூகத்திலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இதைவிடப் பெரிய சிவத்தொண்டு வேறில்லை.

"எல்லாம் முன்வினைப் பயன்" என்று சிலர் ஆறுதல் சொல்வர். வினை உண்டு என்பது சைவசித்தாந்தத்தின் கொள்கைதான். ஆனால், தன்னைத் திருத்திக்கொள்வதற்காக ஒருவர் தன் வினையை நினைக்க வேண்டுமேயன்றி, பிறருடைய வாயை அடைப்பதற்காக அதனை எடுத்துக்காட்டலாகாது. கோவை ஓர் அலுமாரியில் கிடப்பது ஊழ்வினை அன்று. அது ஒருவர் செய்யாமல் விட்ட கடமை.

அவ்வாறாயின் காத்திருப்பவர் செய்ய வேண்டியது என்ன? முதலாவது, பணியில் குறை வையாதிருத்தல். திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது சம்பந்தருக்கும் அப்பருக்கும் இறைவன் நாள்தோறும் படிக்காசு அருளினான். அப்பர் பெற்ற காசு வட்டமின்றிச் செல்லுபடியாயிற்று. அவர் உழவாரம் ஏந்திக் கைத்தொண்டு செய்தவர் என்பதே அதற்குக் காரணம் என்பர் பெரியோர். கைவேலையின் மதிப்பை இறைவன் அறிவான்.

இரண்டாவது, உரிமையை அறிந்திருத்தல். பிரார்த்தனை செய்கிறோம் என்பதற்காகக் கடிதம் எழுதாமல் இருக்கலாகாது. 1958 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் நிரந்தர ஊழியருக்கு மட்டும் உரியதன்று. தற்காலிகமாக, அமையமாக வேலை செய்பவருக்கும் உரியது. தொழிலாளியின் சம்பளத்தில் 8 வீதமும் தொழில்தருநரிடமிருந்து 12 வீதமும் செலுத்தப்பட வேண்டும். 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனத்திலும் தோட்டத்திலும் ஐந்து வருடம் நிறைவு செய்தவருக்கு, 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டப்படி பணிக்கொடை உண்டு. அரச துறையில் 2014 இல் வெளியான 25 ஆம் இலக்க அரச நிருவாகச் சுற்றறிக்கை, தற்காலிக, அமைய, ஒப்பந்த ஊழியர் பலரை நிரந்தரமாக்க வழிசெய்தது. அவ்வாறான வாய்ப்பு வரும்போது சேவைக்காலத்தை எழுத்தில் காட்ட முடிந்தவரே பயனடைவார். எனவே, முதல்நாள் கடிதம், சம்பளச் சீட்டு, வரவுப் பதிவு ஆகியவற்றைச் சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்தாவது பத்திரப்படுத்துங்கள். மலைச்சரிவிலும் மழையிலும் வீட்டோடு ஆவணங்களும் போய்விடுவதைக் கண்ட மாவட்டம் எங்களுடையது. பிரதியெடுத்து வேறோர் இடத்திலும் வையுங்கள்.

மூன்றாவது கடமை எம் அனைவருக்கும் உரியது. இந்த ஆலயம் எவ்வாறு எழுந்தது? நாட்சம்பளத்தில் பிடித்த சந்தாக் காசில் எழுந்தது. இதைக் கட்டியவர் எவரும் மாதச் சம்பள உத்தியோகத்தர் அல்லர். ஆகவே அறநெறிப் பாடசாலையில் கற்பிக்கும் பிள்ளைக்கும், மேளம் வாசிப்பவருக்கும், வளவு கூட்டுபவருக்கும் பேசியதைப் பேசிய நாளில் கொடுப்போம். விழா முடிந்த பின் பார்ப்போம் என்று சொல்லாதிருப்போம். பிள்ளைகளுக்கு வரன் பார்க்கையில் "பெர்மனன்டா?" என்று முதலில் கேளாமல், குணத்தையும் உழைப்பையும் கேட்போம். படித்த பிள்ளை லயத்து வாசலில் சோர்ந்து உட்கார்ந்திருந்தால், "இன்னும் கடிதம் வரவில்லையா?" என்று தினமும் கேட்டு நோகடிக்காமல், விண்ணப்பம் எழுத ஒரு கை கொடுப்போம்.

வந்தியின் பங்கை அடைக்கக் கூடை சுமந்த பெருமான், எம் பிள்ளைகளின் பாரத்தையும் அறிவான். காத்திருக்கும் ஒவ்வொருவருக்கும் உரிய இடம் உரிய காலத்தில் கிடைக்கவும், அதுவரை அவர்தம் மனம் தளராதிருக்கவும், நடுவில் நிற்கும் நந்திகள் தாமாகவே விலகவும் அம்பாள் திருவருள் பாலிப்பாளாக.

ஓம் நமசிவாய.

திருச்சிற்றம்பலம்