குடியை விட நினைப்பவர் சபையில் தன் கதையைச் சொல்லலாமா?



சில நாட்களுக்கு முன் இஷாவுக்குப் பிறகு ஒரு சகோதரர் ஹவுள் ஓரம் காத்து நின்றார். எல்லோரும் போனதும், "ஹஜ்ரத், ஒரு மஸ்அலா" என்றார். லாரித் தொழிலில் இருப்பவர். இதற்கு மேல் அடையாளம் சொல்ல மாட்டேன், நீங்களும் தேட வேண்டாம். "சேலத்தில் குடியை விட்டவர்கள் வாரந்தோறும் கூடுகிறார்கள். நானும் போகலாமென்று இருக்கிறேன். ஆனால் அங்கே 'நான் குடிநோயாளி' என்று பேச வேண்டுமாம். அல்லாஹ் மறைத்து வைத்ததை நானே சொன்னால் குற்றமில்லையா? இடமும் சர்ச் வளாகம்" என்றார்.

கேள்வி நியாயமானதுதான். இரவில் செய்த பாவத்தை அல்லாஹ் மறைத்திருக்க, காலையில் தானே ஊருக்குச் சொல்லித் திரிபவனை நபி (ஸல்) அவர்கள் கடுமையாகக் கண்டித்திருக்கிறார்கள். புகாரியில் வருகிற செய்தி. ஆனால் அந்தக் கண்டனம் பாவத்தை வெட்கமில்லாமல் பறைசாற்றுபவனுக்கு. அவ்ரத்தை யாரிடமும் காட்டக் கூடாது. மருத்துவரிடம் தேவையான அளவுக்குக் காட்டலாம் என்று பிக்ஹு சொல்கிறது. இவர் காட்டப்போவதும் புண்ணைத்தான். அளவு மட்டும் முக்கியம். குடித்த நாட்களை ருசித்துப் பேசினால் விஷயம் வேறாகிவிடும்.

அந்தக் கூட்டங்களைப் பற்றி விசாரித்தேன். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்று பெயர். 1935ல் அமெரிக்காவில் ஒரு பங்குச் சந்தைக்காரரும் ஒரு அறுவை மருத்துவரும் தொடங்கியது. இருவரும் குடியில் மூழ்கியவர்கள். இன்னொரு குடிநோயாளியோடு பேசிக்கொண்டிருந்தால் அன்றைக்குக் குடிக்காமல் இருக்க முடிகிறது என்று கண்டார்கள். கட்டணம் கிடையாது. குடியை விட வேண்டுமென்ற ஆசை இருந்தால் போதும். முழுப் பெயர் சொல்ல வேண்டியதில்லை, பேசியே தீர வேண்டுமென்பதும் இல்லை, கேட்டதை வெளியே கொண்டு போகக் கூடாது. சொல்லப்போனால், நம் டீக்கடைகளைவிட அங்கே மானம் பத்திரமாக இருக்கிறது. குடும்பத்தாருக்கு அல்-அனான் என்று தனியாக உண்டு.

சர்ச் என்பது வாடகைக்கோ இனாமாகவோ கிடைத்த அறை, அவ்வளவுதான். வணக்கத்துக்குப் போகவில்லை. முடிவில் பொதுவாக ஒரு பிரார்த்தனை சொல்வதுண்டு. மனம் ஒப்பவில்லையென்றால் பேசாமல் நின்று உங்கள் துஆவைக் கேளுங்கள்.

இன்னொன்று, வருடக்கணக்காகத் தினமும் குடித்தவர் வைராக்கியத்தில் ஒரே நாளில் நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். ரமலான் முதல் நோன்பில் நடுங்குபவரைப் பார்த்து "ஷைத்தான் ஆட்டுகிறான்" என்று சொல்லாதீர்கள். முதலில் நாமக்கல் அல்லது சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போங்கள். 14446 என்ற இலவச எண்ணிலும் கேட்கலாம்.

சபையில் சொல்லிக்கொள்ள எனக்கும் ஒரு பாவம் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் இதே மிம்பரில் குடிகாரர்களைச் சபித்து ஒரு பயான் செய்தேன். எல்லோரும் நன்றாக இருந்தது என்றார்கள். அன்றோடு ஒருவர் ஜும்ஆவுக்கு வருவதை நிறுத்திவிட்டார். திரும்பத் திரும்பக் குடித்துத் தண்டனைக்குக் கொண்டுவரப்பட்ட ஒரு ஸஹாபியை இன்னொருவர் சபித்தபோது, நபி (ஸல்) அவர்கள் தடுத்து, அவருக்கு அல்லாஹ்வின் மீதும் ரசூலின் மீதும் நேசம் இருக்கிறது என்று சாட்சி சொன்னார்கள். இந்த ஹதீஸை மத்ரஸாவில் ஓதியவன்தான் நான். தண்டனையும் நடந்தது, சாபம் தடுக்கப்பட்டது. இரண்டும் ஒரே சபையில். எனக்கு முதல் பாதி மட்டும் நினைவிருந்தது.

ஆகவே அந்தச் சகோதரரிடம் போகச் சொன்னேன். தொண்ணூற்றொன்பது கொலை செய்தவன் நூறாவதும் செய்தபின் ஆலிமிடம் வந்தபோது, தவ்பாவோடு ஊரையும் மாற்றச் சொன்னாரே, அதைத்தான் அவருக்கு நினைவுபடுத்தினேன். துணைக்கு வரவா என்று கேட்டேன், வேண்டாம் என்றார். பிறகு, வாசல்வரை வாருங்கள் என்றார். எந்த ஞாயிறு என்று உங்களிடம் சொல்ல மாட்டேன்.

வேறு யாருக்காவது தேவைப்பட்டால், இஷாவுக்குப் பிறகு ஹவுள் பக்கம் இருப்பேன். அங்குள்ள விளக்கை அணைத்துவிடும்படி மோதினாரிடம் சொல்லியிருக்கிறேன்.