வராத ஆளின் பெயர்

2025 மே மாதம் பாகிஸ்தான் எல்லையில் சண்டை மூண்டபோது தர்மசாலாவில் ஓர் ஐபிஎல் ஆட்டம் பாதியிலேயே கைவிடப்பட்டது. மற்ற ஆட்டங்களும் ஒரு வாரத்துக்கு நின்றன. எங்கள் காரைக்கால் கோட்டுச்சேரி கடைத்தெருவில் இரண்டு கட்சி உண்டாயிற்று. "அங்க குண்டு விழுது, இங்க சிக்ஸர் கேக்குதா?" என்றது ஒன்று. "இத நிறுத்திட்டா குண்டு நின்னுடுமா?" என்றது இன்னொன்று. இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. ஆனால் பேசிய எங்களில் ஒருவர் தலைக்கு மேலும் விமானம் பறக்கவில்லை. அதுதான் எனக்கு உறுத்தியது.

இலங்கைப் போரில் விமானம் பறந்த ஊர் எங்களுக்கு ரொம்ப தூரமில்லை. கோட்டுச்சேரியிலிருந்து நேர்க்கோட்டில் அளந்தால் காங்கேசன்துறை சுமார் 130 கிலோமீட்டர்தான். சென்னை அதைவிட நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கிறது. யாழ்ப்பாணத்தில் பெரிய பள்ளிக்கூடங்களைக் கல்லூரி என்பார்கள். புனித பத்திரிசியார் கல்லூரி, இளவாலை புனித ஹென்றியரசர் கல்லூரி, தெல்லிப்பழை மகாஜனக் கல்லூரி என்று உதைபந்தாட்டத்துக்குப் பேர்போன கல்லூரிகள் அங்கே பல. 1990 ஜூனில் போர் மறுபடி மூண்ட பிறகு குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லை. பெட்ரோலுக்கும் பேட்டரிக்கும் தடை. மோட்டார் சைக்கிள் மண்ணெண்ணெயில் ஓடியது, பள்ளி வளவில் பதுங்குகுழி வெட்டினார்கள். அப்போதும் பையன்கள் பந்தை விடவில்லை.

அப்படி ஆடியவர்களில் ஒருவர் பிற்பாடு எங்கள் பக்கம் வாடகைக்கு வந்து, பிள்ளைகளுக்குக் கணக்கு ட்யூஷன் எடுத்தார். கல்லூரி அணியில் பேக். 1995 அக்டோபர் 30ஆம் தேதி யாழ்ப்பாணமே மூட்டை கட்டி வெளியேறியபோது அந்த நெரிசலில் நடந்தவர். "குண்டு விழும்போது எப்படிங்க ஐயா விளையாடினீங்க?" என்று கேட்டேன்.

"பொம்மர் சத்தம் கேட்டா மரத்தடிக்கு ஓடுவம் தம்பி. அது போனாப் பிறகு திரும்பி வருவம். பந்து வெளியில கிடந்தா, ஆருக்கு த்ரோ எண்டதில சண்டை பிடிப்பம்" என்றார்.

உயிர் தப்பி வந்த மறுநிமிடம் த்ரோவுக்குச் சண்டை! நான் சிரித்தேன். அவர் சிரிக்காமல் தொடர்ந்தார். "முதல்ல கோலி போனான், கனடாவுக்கு. பிறகு லெஃப்ட் விங். அவன் எங்க போனானெண்டு ஆரும் கேக்கேல்ல, எல்லாருக்கும் தெரியும். ஒரு பேக் ஷெல்லில. கடைசியா எட்டுப் பேரோட ஆடினம். எதிர் டீமும் தன்ர மூண்டு பேரை வெளியில இருத்தினது."

அன்று முதல், போர்க்காலத்தில் ஆடலாமா என்ற கேள்வி எனக்கு வேறு விதமாகத் தெரிகிறது. விளையாடினால் துக்கம் மறந்துபோகும் என்பதுதான் ஆடாதே என்பவரின் வாதம், ஆடு என்பவரின் வாதமும் அதுவே. ஆனால் அந்த அணி யாரை மறந்தது? போர்ச்செய்தி ஆயிரம், பத்தாயிரம் என்று எண்ணும். நாமும் கேட்டுவிட்டு இலையில் உட்காருவோம். அணியோ பதினொன்றுவரைதான் எண்ணும். அதில் ஒன்று குறைந்தால் இடதுபக்கம் பந்து தானாக வெளியே உருளும். போனவன் யாரென்று மைதானத்தில் ஒவ்வொரு பையனுக்கும் தெரியும்.

உலகப் போர்க்கால ஆட்டங்களிலும் இதுவே நடந்திருக்கிறது. 1914 நவம்பரில் ஸ்காட்லாந்தின் ஹார்ட்ஸ் அணி வீரர்கள் கூட்டமாகப் படையில் சேர்ந்தார்கள். பயிற்சி ஒருபக்கம், லீக் ஆட்டம் ஒருபக்கம் என்று அந்தப் பருவத்தை ஓட்டினார்கள். போர் முடிந்தபோது முதல் அணியில் ஏழு பேர் இல்லை. சொல்தா (பிரெஞ்சுச் சிப்பாய்) பென்ஷன் தெரிந்த காரைக்கால்காரர்களுக்கு இன்னொரு கதை நெருக்கமாக இருக்கும். பிரெஞ்சுக் கால்பந்து அமைப்பாளர் சார்ல் சிமோன் 1915இல் போர்முனையில் மாண்டார். இன்று பிரெஞ்சுக் கோப்பை எனப்படும் போட்டியை அவர் பெயரால்தான் 1917இல், போர் முடியுமுன்னே, தொடங்கினார்கள்.

ஆளை மறைக்கவும் ஆட்டம் உதவும், அதையும் சொல்லத்தான் வேண்டும். 1942 ஜனவரி 1ஆம் தேதி நடந்த அமெரிக்கக் கல்லூரிகளின் ரோஸ் பவுல் அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டத்தை, ஜப்பானியத் தாக்குதலுக்குப் பயந்து கலிபோர்னியாவிலிருந்து நாட்டின் மறுகோடிக்கு, டர்ஹாமுக்கு மாற்றினார்கள். ஒரிகன் ஸ்டேட் அணி 20-16 என்று டியூக்கை வென்றது. வென்ற அணியின் ஜாக் யோஷிஹாரா ரயிலேற விடப்படவில்லை. ஜப்பானில் பிறந்தவர் என்பதுதான் காரணம். பிறகு அவரைத் தடுப்பு முகாமில் அடைத்தார்கள். பல்கலைக்கழகம் அவருக்குக் கௌரவப் பட்டம் தந்தது 2008இல். நாடே கைதட்டிய ஆட்டத்தில் ஓர் இருக்கை காலியாக இருந்ததை ஒப்புக்கொள்ள 66 ஆண்டுகள் ஆயின.

யாழ்ப்பாணம் துரையப்பா விளையாட்டரங்கை 1999இல் திருத்தத் தோண்டியபோது மண்ணுக்குள் எலும்புக்கூடுகள் கிடைத்தன. இந்திய உதவியோடு புதுப்பித்த அரங்கை 2016 ஜூனில் திறந்தார்கள். அங்கே இன்று ஆடக்கூடாது என்று நான் சொல்லமாட்டேன். அந்த மண்ணில் பிள்ளைகள் ஓடத்தான் வேண்டும். ஆனால் அங்கே கிடந்தவர்கள் யார் என்று கேட்கிற வாயை மூடத்தான் இந்த ஆட்டம் என்று எவராவது நினைத்தால், அதை விளையாட்டு என்று நான் ஒப்பமாட்டேன்.

ஆக, போர்க்காலத்தில் ஆடலாமா கூடாதா என்று கடைத்தெருவில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்ல எங்களுக்கு உரிமை குறைவு. குண்டுக்கு அடியில் இருப்பவன் ஆடினால் அது அவன் இஷ்டம், நிறுத்தினாலும் அவன் இஷ்டம். தூரத்திலிருந்து பார்க்கிற நமக்கு ஒரு கடமைதான் உண்டு. யார் ஜெயித்தது என்று கேட்கும் முன்னால் யார் வரவில்லை என்று கேட்பது. எதிரணியின் எட்டுப் பேரைப் பார்த்துத் தன் ஆட்கள் மூவரை வெளியே உட்காரவைத்த பையன்களுக்கு அது தெரிந்திருந்தது. ஜெயிக்க வாய்ப்பிருந்தும், இல்லாதவர்களைக் கணக்கில் சேர்த்தே அவர்கள் ஆடினார்கள்.